எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் ஆங்கிலத் தட்டச்சில் அடித்த கடிதம் ஏதேனும் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஒல்லியான 'ஐ' என்ற எழுத்தும், பருத்த 'எம்' என்ற எழுத்தும் அதில் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அடிக்கோலை வைத்து அளந்தால், பல பொறிகளில் அங்குலத்துக்குப் பத்து எழுத்துகள் இருக்கும். அதாவது எழுத்து ஒன்றுக்கு 2.54 மில்லிமீட்டர்.

இதற்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, ஒரு பற்சக்கரம். காகித உருளையைத் தாங்கும் வண்டியை ஒரு சுருள்வில் எப்போதும் இடப்புறம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பற்சக்கரம் அதைத் தடுக்கிறது. விசையைத் தட்டினால் ஒரு பல் விடுபட, வண்டி ஒரு படி நகர்கிறது. ஊசல் கடிகாரத்திலும் இதே தத்துவந்தான். எந்த எழுத்தைத் தட்டினோம் என்பது பல்லுக்குத் தெரியாதல்லவா? ஆகவே எழுத்து வரைபவர்கள் 'ஐ'க்குக் காலில் நீண்ட பட்டை கட்டினார்கள், 'எம்'மை நெருக்கினார்கள். 1950களில் ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹோவர்டு கெட்லர் வரைந்த 'கூரியர்' எழுத்து இவ்வகையில் புகழ்பெற்றது. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் இன்னொரு சிக்கல்: புள்ளிக்குத் தனி இடம் கூடாது. எனவே புள்ளி விசை வண்டியை நகர்த்தாது. முதலில் புள்ளி, பிறகு அதன் கீழே எழுத்து!

தட்டச்சுப் பொறிகள் அருகிப்போன பின்பும் இந்த எழுத்து ஏன் நீடிக்கிறது? எண்ண முடிவதால்தான். வரிக்கு 60 எழுத்து, தலைப்பில் 24 எழுத்து என்றால், இடப்புறம் 18 இடம் விட்டால் தலைப்பு நடுவில் நிற்கும். மடக்கை அட்டவணையைப் பாருங்கள். ஒன்றாம் இடத்தின் கீழ் ஒன்றாம் இடம் நேராக நிற்பது இலக்கங்களின் அகலம் சமமாக இருப்பதால்தான்.

இதைவிடப் பெரிய பயன் மரபணு ஆய்வில் இருக்கிறது. டி.என்.ஏ.வை ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் எழுதுவார்கள். அரிவாள் செல் இரத்தசோகைக்குக் காரணம், ஹீமோகுளோபின் மரபணுவில் ஓரிடத்தில் 'ஏ'க்குப் பதிலாக 'டி' அமைவது, அவ்வளவே. நலமானவரின் வரிசைக்குக் கீழே நோயாளியின் வரிசையைச் சம அகல எழுத்தில் எழுதினால், மாறிய ஒரே எழுத்து தன் நிரலில் தனித்துத் தெரியும். அகலம் மாறும் எழுத்தில் எழுதினாலோ, அடுத்து வரும் எழுத்துகளெல்லாம் சற்றே நழுவிவிடும். எதற்கு நேர் எது என்று விரலை வைத்து எண்ணவேண்டியதுதான். கணிப்பொறி நிரல் எழுதுவோரும் இதனாலேயே இதை விரும்புகிறார்கள். 'பைத்தான்' மொழியில் வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. அவர்களுக்கான எழுத்துகள் பலவற்றில் சுழியத்தின் நடுவே கோடோ புள்ளியோ இருக்கும். 'ஓ' என்று மயங்கக்கூடாதே!

கதைப் புத்தகத்துக்கு மட்டும் இது வேண்டாம் என்பேன். இடம் வீண், எழுத்துகளுக்கிடையே இடைவெளி சீராக அமையாததால் சொற்கள் கட்டுக்கோப்பின்றித் தெரியும். கணிப்பொறி கிடைத்தால், கூரியரில் ஒரு வரியில் பத்து 'ஐ'யும் அதன் கீழ் பத்து 'எம்'மும் அடித்துப் பாருங்கள். பிறகு அதையே வேறோர் எழுத்துக்கு மாற்றி, இரண்டு வரிகளின் நீளத்தையும் அளந்து பாருங்கள்.