சிசுவின் கழுத்துக் கட்டியும் கோணற் கழுத்தும்

தலைநகரில் நாம் குடியிருக்கும் வரிசையில் ஒரு தமிழ்க் குடும்பம் உண்டு. அவ்வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு மூன்று வாரம் நிறைந்தபொழுது, நீராட்டிக்கொண்டிருந்த பாட்டியாரின் விரலில் குழந்தையின் கழுத்தின் வலப்புறத்தே ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காயினும் சற்றுச் சிறிது. தொட்டால் கெட்டியாக இருந்தது. ஆயினும் தொட்டதற்காகக் குழந்தை அழவில்லை. தலை வலப்பக்கம் சாய்ந்தும், முகவாய் இடப்பக்கம் திரும்பியுமே இருந்தது.

“உரம் விழுந்திருக்கிறது, சேலையில் இட்டு உருட்டினால் சரியாகிவிடும்” என்றார் பாட்டியார். உரம் எடுப்பதில் கைதேர்ந்த கிழவியோ தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறாள்! அண்டைவீட்டுப் பஞ்சாபி அம்மையார் கடுகு நிரப்பிய தலையணை ஒன்றைக் கொணர்ந்தார். எண்ணெய் தேய்த்துப் பிசைந்துவிடும் பெண்மணி ஒருத்தியை அழைத்து வருவதாகவும் கூறினார். இருவர் நோக்கமும் நல்லதே. எனினும் தாயும் தந்தையும் குழந்தையை முதலில் மருத்துவரிடம் கொண்டுசென்றனர், அதுவே நலமாயிற்று.

மருத்துவர் சீட்டில் ‘ஸ்டெர்னோமாஸ்டாய்ட் ட்யூமர்’ என்று எழுதியிருந்தார். ‘ட்யூமர்’ என்ற சொல்லைக் கண்டதும் வீட்டில் அழுகை எழுந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நம்மிடம் அச்சீட்டு வந்து சேர்ந்தது. அச்சொல்லுக்கு இலத்தீனில் வீக்கம் என்பதே பொருள். புற்றுநோய்க்கும் அதற்கும் இவ்விடத்தில் தொடர்பில்லை என்பதை நாம் சொன்னதைக் காட்டிலும், மறுநாள் மருத்துவரே விளக்கியபோதுதான் அவர்கள் நம்பினர்.

காதின் பின்புறத்து எலும்பிலிருந்து மார்பெலும்புக்கும் காறையெலும்புக்கும் இறங்கும் நீண்ட தசை ஒன்று கழுத்தின் இருமருங்கிலும் உண்டு. ஒருபக்கத் தசையில் நார்த்தன்மை மிகுந்து தடித்துவிட்டால், அவ்விடம் கட்டியாகத் தென்படும், தசையும் சுருங்கும். சுருங்கிய தசை தலையைத் தன் பக்கம் சாய்த்து, முகவாயை மறுபக்கம் திருப்பிவிடும். இதுவே கோணற் கழுத்து. கருப்பையில் நெருக்குண்டு கிடந்த குழந்தைகளிடமும், கால் முன்வந்தோ ஆயுதம் கொண்டோ பிறந்த குழந்தைகளிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. மூலகாரணம் யாதென்பதில் மருத்துவர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. தாய் குழந்தையைத் தூக்கிய விதத்தால் வருவதன்று. ஆதலின் மருமகளைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. (மாவீரன் அலெக்ஸாந்தரின் கழுத்துச் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்ததாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அது இந்நோய்தான் என்று துணிந்து கூற இயலாது.)

கட்டி பிறந்தவுடன் தென்படுவது அரிது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தோன்றி, சில வாரம் பெருத்து, பின்னர் சில மாதங்களில் தானே கரைந்துவிடும். இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். கட்டி மறைந்தாலும் தசை குறுகியே நின்றுவிடக்கூடும். நம் அண்டைவீட்டில் நான்காம் மாதத்தில் கட்டி மறைந்ததும் பயிற்சியை நிறுத்திவிட எண்ணினார்கள், மருத்துவர் தடுத்தார். தலை ஒருபக்கமே கிடப்பதால் பின்மண்டை ஒருபுறம் தட்டையாகும்; ஆண்டுகள் கடந்தால் முகமும் ஒருபுறம் ஒடுங்கக்கூடும். பயிற்சியை ஒரு மாதத்திற்குள் தொடங்கினால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் கழுத்து நேராகிவிடுவதே பெரும்பான்மை; ஆறு மாதம் கடந்து தொடங்கினால் ஒன்பது பத்து மாதமும் ஆகலாம். ஓராண்டிற்குப் பின்னும் தீராதவற்றிற்கே அறுவைச் சிகிச்சை. அது மிகச் சிலருக்குத்தான்.

பயிற்சி எளிது, ஆனால் நூலைப் படித்துச் செய்யத்தக்கதன்று. பிசியோதெரபி வல்லுநர் தாயின் கையைப் பிடித்துக் காட்டித்தர வேண்டும். வலப்பக்கத் தசை சுருங்கியிருந்தால், தலையை இடத்தோளின் பக்கம் மெல்லச் சாய்ப்பதும், முகத்தை வலப்புறம் திருப்புவதுமே அதன் சாரம். நாள்தோறும் பன்முறை செய்தல் வேண்டும். குழந்தை திமிறினால் நிறுத்திவிடவும் வேண்டும். கிலுகிலுப்பையை வலப்புறம் ஆட்டுவதும், அப்புறமிருந்தே அழைப்பதும் விளையாட்டாகவே அமைந்த சிகிச்சை. விழித்திருக்கும்போது பார்வையில் வைத்துக் குப்புற விடலாம்; உறங்குவது மல்லாந்தே, தலையணை இன்றி. கடுகுத் தலையணை வேண்டா. கட்டியைப் பிசைவதோ சேலையில் உருட்டுவதோ கூடவே கூடாது. அந்த இளந்தசை அதைத் தாங்காது.

எல்லாக் கழுத்துக் கட்டியும் இதுவன்று. நிணநீர்க் கணுக்கள் வீங்குவதுண்டு, நீர்க்கட்டிகளும் உண்டு. எது என்பதை மருத்துவர் தொட்டுப் பார்த்தும், ஐயமிருப்பின் அல்ட்ராசவுண்ட் எடுத்தும் தெளிவார். கட்டி சிவந்து சுடுதல், ஜ்வரம், மூச்சுத் திணறல், பால் குடிக்க இயலாமை, வாந்தியும் சோர்வும் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனை செல்லுக. கோணற் கழுத்துடைய குழந்தையின் இடுப்பு மூட்டையும் பார்க்கும்படி கேட்டல் நன்று. சிலருக்கு அம்மூட்டும் நழுவியிருக்கும்.

உற்றார் அருகில்லாத ஊரில் இருப்போர்க்கு ஒரு வசதி உண்டு. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு எப்படியும் குழந்தையைக் கொண்டுசெல்வோம். அன்று கழுத்தையும் காட்டிவிடலாம். கட்டி அதற்கு முன்பே தென்பட்டால் அந்நாள்வரை காத்திருக்க வேண்டா. ஹிந்தியோ வங்காளமோ வராவிடினும், கட்டியைத் தொட்டுக் காட்டி, தலை எப்பக்கம் சாய்கிறதென்று கையால் காட்டினால் போதும்.

பாட்டியார் பயிற்சியைத் தாமே கற்றுக்கொண்டார். ஊர் திரும்புமுன், மகள் அதைப் பிழையின்றிச் செய்வதை மூன்று நாள் அருகிலிருந்து பார்த்த பிறகே ரயிலேறினார்.