மார்கழிப் பனியில் காரை "சூடு" ஏற்றலாமா? தினமும் வீணாகும் பெட்ரோல்! மூடிய ஷெட்டில் உயிருக்கே ஆபத்து!!

சங்கரன்கோவில்,

மார்கழி மாதம். விடியற்காலை 4½ மணி.

சங்கரநாராயணர் கோவிலில் திருப்பள்ளியெழுச்சிக்கு மணி அடிக்கிறது. பூ மார்க்கெட்டுக்கு மூட்டைகள் வந்து இறங்குகின்றன. சபரிமலைக்கு புறப்படும் வேன்களில் சரண கோஷம் கேட்கிறது.

பக்கத்து தெருவில் ஒரு வீட்டு வாசலில் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. உள்ளே ஆள் இல்லை. ஓட்டப் போகிறவர் டீக்கடையில் நிற்கிறார்.

"என்ன அண்ணாச்சி, வண்டி சும்மா ஓடிக்கிட்டு கெடக்கு?"

"கெடக்கட்டும் தம்பி. பனி கொட்டுதுல்லா! ஒரு பத்து நிமிசம் என்ஜின் சூடாகட்டும். இல்லேன்னா தேஞ்சு போகும்."

இந்த பேச்சு நம் ஊரில் காலம் காலமாக நடக்கிறது. அண்ணாச்சி சொல்வது சரிதானா?

ஒரு காலத்தில் சரி. இன்று தவறு!

அந்தக் காலத்தில்...

இந்தப் பழக்கம் சும்மா வரவில்லை.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்கு பஞ்சம். பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பஸ்சின் பின்னால் இருக்கும் கரி அடுப்பை பற்ற வைத்து, விசிறியை கையால் சுற்றி, வாயு உண்டாகும் வரை காத்திருந்தால்தான் வண்டி நகரும்.

அடுத்து வந்தது அம்பாசடர், பியட் காலம். அவற்றில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது "கார்புரேட்டர்". குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் "சோக்"கை இழுத்து கூடுதலாக பெட்ரோல் கொடுக்க வேண்டும். சூடாகும் முன் கிளப்பினால் வண்டி "டக் டக்" என்று உதைத்து நடுரோட்டில் நின்று விடும்.

ஆகவே "சூடாக்கி ஓட்டு" என்று மூத்த டிரைவர்கள் கிளீனர் பையன்களுக்கு சொல்லிக் கொடுத்தார்கள். அது அப்படியே நிலைத்து விட்டது.

வண்டி மாறி விட்டது

ஆனால் வண்டி மாறி விட்டது. 2000-ம் ஆண்டை ஒட்டி, புதிய கார்களில் கார்புரேட்டர் போய் "இன்ஜெக்டர்" வந்தது. என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை ஒரு சென்சார் பார்க்கிறது. எவ்வளவு பெட்ரோல் தேவை என்பதை ஒரு சின்ன கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. சோக்கை இழுக்கும் வேலையே கிடையாது.

2020 ஏப்ரல் 1-ந்தேதி முதல் பி.எஸ்.6 விதி வந்ததும், மோட்டார் சைக்கிள்களுக்கும் பெரும்பாலும் இன்ஜெக்டர் வந்து விட்டது.

ஆயிலும் மாறி விட்டது. ஆயில் டப்பாவில் "20டபிள்யூ-40" என்று போட்டிருப்பதை பார்த்திருப்பீர்கள். அந்த "டபிள்யூ" என்பது "விண்டர்", அதாவது குளிர்காலத்தை குறிக்கும். குளிரிலும் கெட்டியாகாமல் ஓடக்கூடிய ஆயில் என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்த சில விநாடிகளில் ஆயில் மேலே ஏறி விடும்.

நம்ம ஊர் குளிர் எவ்வளவு?

சங்கரன்கோவில் கரிசல் பூமி. மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நமக்கு மப்ளர் வேண்டும். என்ஜினுக்கு அது குளிரே அல்ல!

உறைபனி விழும் ஊட்டியில் கூட பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் இறங்குகிறது. கனடா போன்ற நாடுகளில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். அங்கே என்ஜினிலேயே மின்சார ஹீட்டர் பொருத்தி, இரவில் "பிளக்" மாட்டி வைக்கிறார்கள்.

அமெரிக்க எரிசக்தி துறை என்ன சொல்கிறது தெரியுமா? "பெரும்பாலான கார் கம்பெனிகளின் யோசனை, ஸ்டார்ட் செய்து 30 விநாடியில் மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள் என்பதுதான்" என்கிறது. பனிக்கட்டி விழும் நாட்டுக்கே அரை நிமிடம்தான்!

ஜெர்மனியில் நின்ற இடத்தில் தேவையில்லாமல் என்ஜினை ஓட விடுவதே சாலை விதிப்படி குற்றம்.

பர்சுக்கு எவ்வளவு?

சின்ன கணக்கு ஒன்று.

நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால், கார் சுமார் ½ லிட்டருக்கு மேல் 1 லிட்டர் வரை குடிக்கும்.

தினமும் 10 நிமிடம் என்றால் மாதத்தில் 5 மணி நேரம். அதாவது 3 முதல் 5 லிட்டர் வரை பெட்ரோல் புகையாக போகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 300 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை நஷ்டம். ஒரு வீட்டின் மாத பால் கணக்கில் பாதி அளவுக்கு வந்து விடும்!

பணம் மட்டுமா? என்ஜினுக்கும் கெடுதல்தான். குளிர்ந்த என்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலாக இறங்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை கழுவி விடும். நின்றுகொண்டே ஓடினால் சூடு மெதுவாகத்தான் ஏறும். ஆகவே இந்த கெடுதலும் அதிக நேரம் நீடிக்கும். மெதுவாக ஓட்டிச் சென்றால் சீக்கிரம் சூடாகி விடும்.

பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியை பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. வண்டி ஓடாமல் என்ஜின் மட்டும் ஓடினால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. நின்ற இடத்தில் என்ஜின் மட்டும்தான் சூடாகிறது. கியர் பெட்டியும், சக்கர பேரிங்கும், டயரும் வண்டி நகர்ந்தால்தான் சூடாகும்.

லாரி, பஸ் டிரைவர்கள் கவனத்துக்கு

லாரி, பஸ் விவகாரம் வேறு. அவற்றில் காற்று பிரேக். டாங்கில் காற்று நிறையும் முன் வண்டியை எடுக்கக் கூடாது. "காத்து ஏறட்டும்" என்று டிரைவர்கள் காத்திருப்பது நூற்றுக்கு நூறு சரி. காற்று முள் தேவையான அளவுக்கு வந்ததும் கிளம்பி விடலாம்.

டீசல் காரில் சுருள் போன்ற மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்தால் போதும். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள், என்ஜின் உதைக்காமல் ஓடும் வரை ஓரிரு நிமிடம் பொறுக்கலாம்.

உயிருக்கு ஆபத்து!

எல்லாவற்றையும் விட முக்கியமானது இதுதான்.

பனிக்கு பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராண வாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு தூக்கம். அது எழுந்திருக்க முடியாத தூக்கம்!

2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில், ரோட்டோரம் நின்ற கேரவன் வண்டிக்குள் 2 பேர் பிணமாக கிடந்தனர். ஜெனரேட்டரில் இருந்து வந்த இந்த விஷ வாயுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது.

சபரிமலை சீசனில் பல டிரைவர்கள் வண்டிக்குள்ளேயே தூங்குகிறார்கள். என்ஜினையும் ஏ.சி.யையும் ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவது மிகவும் ஆபத்து. யாராவது மயங்கி கிடந்தால் முதலில் என்ஜினை நிறுத்துங்கள். ஆளை உடனே வெளிக்காற்றுக்கு தூக்கி வாருங்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

* வண்டியை முதலில் வெளியே தள்ளி நிறுத்தி, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

* சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியில் படிந்த பனியை துடைப்பதற்குள் அரை நிமிடம் ஆகி விடும். அதுவே போதும்.

* முதல் 2, 3 கிலோ மீட்டர் மெதுவாக போங்கள். ஊர் எல்லை தாண்டும் வரை ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள். என்ஜின் தேய்வது அதில்தான்.

அண்ணாச்சி டீயை குடித்து முடித்து விட்டு வந்தே வண்டியை எடுக்கலாம். சூடாக இருக்க வேண்டியது டீ மட்டும்தான்!