கணக்கில் வராத பூனை: உடல்நலப் பரிசோதனைக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: மாடு, எருமை, மித்துன், யாக், செம்மறியாடு, வெள்ளாடு, பன்றி, ஒட்டகம், குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதை, கழுதை, நாய், முயல், யானை. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிவைத்த 21-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் எண்ணுவதற்கு அறிவிக்கப்பட்ட 15 விலங்கினங்கள் இவை. இவற்றைத் தவிர கோழி, வாத்து, வான்கோழி முதல் நெருப்புக்கோழி, ஈமு வரையிலான பறவைகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. இந்த நீண்ட பட்டியலில் பூனை மட்டும் இல்லை.

1919-ஆம் ஆண்டு முதல் நடந்து வரும் இந்தக் கணக்கெடுப்பு வெறும் எண் விளையாட்டு அல்ல. தடுப்பூசித் திட்டங்கள், மருத்துவ வாகனங்கள், நிதி ஒதுக்கீடு ஆகிய அனைத்துக்கும் அதுவே அடிப்படை. எண்ணப்படாத உயிரினத்துக்குத் திட்டம் இல்லை. எனவே, வீட்டில் வளரும் பூனையை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்ற எளிய கேள்விக்கு அரசின் கொள்கையில் விடை கிடையாது. விடை மருத்துவத்தில் இருக்கிறது. ஆனால், அதை வளர்ப்பவருக்கு எடுத்துச் செல்ல ஆளில்லை.

எத்தனை முறை? பூனை மருத்துவத்தில் இன்று பரவலாக ஏற்கப்பட்ட நடைமுறை தெளிவானது. குட்டியை 6 முதல் 8 வாரங்களில் முதன்முறையாகக் காட்ட வேண்டும். பின்னர் 16 வாரம் நிறைவடையும் வரை மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை காட்டி, தடுப்பூசிகளை முடிக்க வேண்டும். ஓராண்டு நிறைந்த பூனை நலமாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுமையான பரிசோதனை தேவை. பத்து வயதைக் கடந்துவிட்டால் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை. ஏற்கெனவே நோய் உள்ள பூனைக்கு இந்த இடைவெளியை மருத்துவர் மேலும் குறைப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறை என்பது அதிகம் என்று தோன்றலாம். இரண்டு வயதுப் பூனை ஏறத்தாழ 24 வயது மனிதருக்கு ஒப்பானது. அதன்பின் அதன் ஒவ்வோர் ஆண்டும் மனிதரின் நான்கு ஆண்டுகளுக்குச் சமம் என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் பொதுவான கணக்கு. அப்படியானால், ஆண்டுப் பரிசோதனை என்பது மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஊசி வேறு, சோதனை வேறு: தடுப்பூசி போடும் நாளே பரிசோதனை நாள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இரண்டும் ஒன்றல்ல. குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் பான்லூகோபீனியா நோய்க்கான தடுப்பூசி, முதல் சுற்றும் ஊக்க ஊசியும் முறையாக முடிந்த பின் ஆண்டுதோறும் தேவைப்படுவதில்லை; மூன்றாண்டு இடைவெளி போதுமானது என்பது இன்றைய நிலைப்பாடு. ரேபிஸ் தடுப்பூசியின் இடைவெளி மருந்தையும் உள்ளூர் விதியையும் பொருத்தது. ஊசி தேவைப்படாத ஆண்டிலும் பரிசோதனை தேவைப்படுகிறது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

காரணம், நோயை மறைப்பது பூனையின் இயல்பு. சிறுநீரகச் செயல்பாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு தெளிவாக உயர்கிறது. ஒரு முறை எடுத்த அளவைவிட, ஆண்டுதோறும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே சரிவை முன்கூட்டிக் காட்டும். வயதான பூனைகளில் பரவலாகக் காணப்படும் தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் ரத்த அழுத்தம், பல் ஈறு நோய்கள் ஆகியவையும் அப்படியே. நான்கு கிலோ எடையுள்ள பூனை 400 கிராம் இழந்தால், அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. வீட்டில் உள்ளோர் கண்ணுக்கு அது தெரியாது. எடைக் கருவிக்குத் தெரியும்.

மாட்டுக்கு உண்டு அட்டவணை: நோய் வரும் முன் காக்கும் நெறி இந்திய அரசுக்குப் புதிதல்ல. 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு ரூ.13,343 கோடி ஒதுக்கப்பட்டது. மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கோமாரி தடுப்பூசி என்பது அதன் அட்டவணை. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வாசலுக்கே வரும் நடமாடும் மருத்துவ ஊர்திகளும் மத்திய அரசின் நிதியுதவியுடன் இயங்குகின்றன. ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஓர் ஊர்தி என்பது கணக்கு. கணக்கெடுப்பில் இல்லாத பூனை அந்த லட்சத்தில் சேராது.

கோடிக்கணக்கான விவசாயக் குடும்பங்களின் வாழ்வாதாரமான மாட்டுக்கு முன்னுரிமை தருவதில் தவறில்லை. அந்த நிதியைப் பூனைக்குத் திருப்பிவிட வேண்டும் என்று எவரும் கோர இயலாது. ஆனால், எண்ணுவதற்கும் எடுத்துரைப்பதற்கும் பெரும் செலவாகாது.

சட்டம் சொல்வது: அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி கால்நடை மருத்துவம் மாநிலப் பட்டியலிலும், பிராணிவதைத் தடுப்பு பொதுப் பட்டியலிலும் உள்ளன. 1950-களில் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. பிராணியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலத்துக்குத் தகுந்த நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 3-ஆவது பிரிவு. மருத்துவப் பரிசோதனை அந்த நடவடிக்கைகளுள் ஒன்றா, எத்தனை முறை என்பது சட்டத்தில் கூறப்படவில்லை. 11-ஆவது பிரிவின் கீழ் வதைக் குற்றத்துக்கு முதல் முறை விதிக்கப்படும் அபராதமோ ரூ.10 முதல் ரூ.50 வரைதான்.

தலைநகரில் விவாதமெல்லாம் நாயைச் சுற்றியே நடக்கிறது. தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவுகள் நாடு முழுவதும் பேசப்பட்டன. தில்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399-ஆவது பிரிவு நாய்களைப் பதிவு செய்வது பற்றியது. 2021-இல் வெளியிடப்பட்ட தேசிய ரேபிஸ் ஒழிப்புச் செயல்திட்டமும் 2030-க்குள் நாய்வழிப் பரவலை ஒழிப்பதையே இலக்காகக் கொண்டது. மனிதருக்கு ரேபிஸ் பெரும்பாலும் நாயினால் பரவுவதால் இது இயல்பே. எனினும், நோயுற்ற பூனையின் கடியும் அதே நோயைத் தரும். கடிபட்டவருக்கு அதே சிகிச்சைதான். தடுப்பூசி போடப்படாத வீட்டுப் பூனை அந்த வீட்டாரின் தனிப்பட்ட விஷயம் மட்டும் அல்ல.

யமுனைக்கு அப்பால் உள்ள நொய்டா இதில் ஒரு முன்னடி எடுத்து வைத்தது. 2023 ஜனவரி 31-க்குள் வளர்ப்பு நாய்களுடன் பூனைகளையும் பதிவு செய்ய வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம், தவறினால் அபராதம் என்று நொய்டா ஆணையம் 2022 நவம்பரில் முடிவெடுத்தது. பதிவேடு இருந்தால் ஊசி நாளையும் பரிசோதனை நாளையும் உரியவருக்கு நினைவூட்ட வழி பிறக்கும்.

செய்யக்கூடியவை: அடுத்த கால்நடைக் கணக்கெடுப்பின் படிவத்தில் நாய்க்கு அடுத்து ஒரு வரி கூடினால், பூனை முதன்முறையாக அரசின் கண்ணில் படும். பதிவு செய்யும் உள்ளாட்சிகள், சான்றிதழுடன் வயதுவாரியான பரிசோதனை அட்டவணையையும் தரலாம். கால்நடை மருத்துவமனைகளின் சிகிச்சைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உள்ளது, அந்தச் சலுகையின் நோக்கம் நிறைவேற, வளர்ப்போர் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அதுவரை பொறுப்பு முழுவதும் வீட்டாருடையதே. மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தல், தண்ணீர் குடிக்கும் அளவும் சிறுநீரின் அளவும் கூடுகிறதா என்று கவனித்தல், கொண்டு செல்லும் கூடையைச் சில நாள்களுக்கு முன்பே திறந்து வைத்துப் பழக்குதல் ஆகியவை செலவில்லாதவை. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால் எந்த அட்டவணைக்கும் காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

மாட்டுக்கு ஆறு மாதம் என்று நாள் குறிக்கத் தெரிந்த நாட்டில், பூனைக்கு ஓர் ஆண்டு என்று சொல்வது கடினமல்ல. முதலில் அது இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.