வெயிலை நம்பி ஏரியில் இறங்காதீங்க... குளிர்நீரில் கயாக் ஓட்டப் போறவங்க என்ன உடுத்தணும்?

கனடாவின் டொரன்டோ நகரில் மே மாதம் வந்தாலே வெயில் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் தொடங்கிவிடும். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் டி-ஷர்ட், ஜீன்ஸோடு தண்ணீரைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவுக்கு ஒன்டாரியோ ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் சின்னப் படகான கயாக்கும் வாடகைக்குக் கிடைக்கும். அப்புறம் என்ன, இறங்க வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். காற்று சூடாகும் வேகத்தில் ஏரி சூடாகாது. மே மாதத்தில் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் 10 டிகிரிக்கும் கீழேதான் இருக்கும். அதனால் அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் விதியே, "வெயிலுக்கு உடுத்தாதே, தண்ணீருக்கு உடுத்து" என்பதுதான்.

குளிர்ந்த நீர் என்ன செய்யும்?

காற்றைவிடத் தண்ணீர் உடலின் சூட்டைச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். ஆனால் உடல் முழுக்க உறைந்து போவதற்கு முன்பே வேறு இரண்டு ஆபத்துகள் வந்துவிடுகின்றன. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை '1-10-1' என்று எளிதாக விளக்குகிறார். ஆராய்ச்சிக்காகத் தானே பலமுறை உறைபனி நீரில் இறங்கியவர் அவர்.

முதல் 1 நிமிடம்: குளிர் பட்டதும் நம்மை அறியாமலே மூச்சு 'ஹக்' என்று உள்ளே இழுக்கும். அந்த நொடியில் தலை தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்குவது இதனால்தான்.

அடுத்த 10 நிமிடம்: கை, கால் சொன்னபடி கேட்பது அவ்வளவு நேரம்தான். அதற்குப் பிறகு விரலால் ஒரு கொக்கியைக்கூட மாட்ட முடியாது.

கடைசி 1 மணி நேரம்: உடல் சூடு இறங்கி மயக்கம் வர ஏறக்குறைய இவ்வளவு நேரம் ஆகும். அதுவரை முகம் நீருக்கு மேலே இருந்தால்தான் பிழைக்க வழி உண்டு.

இந்த மூன்று கட்டத்தையும் மனதில் வைத்தால், எதற்கு முதலில் செலவு செய்யணும் என்பது தானாகவே புரிந்துவிடும்.

முதல் செலவு: லைஃப் ஜாக்கெட்

மூச்சு திணறும் அந்த முதல் நிமிடத்தில் உங்களை மிதக்க வைப்பது லைஃப் ஜாக்கெட் மட்டும்தான். அதைப் படகுக்குள் வைத்திருந்தால் பயனில்லை. விழுந்த பிறகு குளிர்ந்த நீரில் மிதந்துகொண்டே அதை மாட்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

கயாக்குக்கென்றே வரும் ஜாக்கெட்டில் தோள் பகுதி அகலமாக வெட்டப்பட்டிருக்கும், துடுப்பு போட வசதி. வாங்கும்போது எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, கூட வந்தவரைத் தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

வெட் சூட்டா, டிரை சூட்டா?

வெட் சூட் நியோபிரீன் என்ற ரப்பரால் ஆனது. ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய காற்றுக் குமிழ்கள்தான் குளிரைத் தடுக்கின்றன. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும், அது உடல் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் தொளதொளவென்று இருந்தால் புதுத் தண்ணீர் வந்து போய்க்கொண்டே இருக்கும், பலன் இல்லை. கை இல்லாத, 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வகை புதியவர்களுக்கு ஏற்றது. தோளை இறுக்காது, விலையும் குறைவு.

டிரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் பட்டை இறுக்கிப் பிடிப்பதால் தண்ணீர் உள்ளே வராது. விலை பல மடங்கு அதிகம். இதில் பலரும் கவனிக்காத விஷயம், டிரை சூட் தானாகச் சூடு தராது. உள்ளே போடும் கம்பளியோ ஃபிளீஸோதான் சூடு தரும். ஜிப்பை முழுசாக மூட மறந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். இறங்கும் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை லேசாக விலக்கி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றணும்.

பொதுவாக நீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் இரண்டில் ஒன்று அவசியம். 10 டிகிரிக்கும் கீழே என்றால் டிரை சூட்தான் பாதுகாப்பு.

ஜீன்ஸ், பருத்திச் சட்டைக்கு 'நோ'

நம்ம ஊர் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்ச ஆளில்லை. குளிர்நீரில் கதையே வேறு. நனைந்த பருத்தி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உடல் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளாடை முதல் எல்லாமே கம்பளி அல்லது பாலியஸ்டராக இருக்கட்டும். காலுக்கு நியோபிரீன் ஷூ, கைக்கு நியோபிரீன் கையுறை, தலைக்கு இறுக்கமான தொப்பி சேர்த்துக்கொள்ளுங்கள். செருப்பு, கயிறு கட்டிய ஷூ இரண்டும் படகுக்குள் சிக்கிக்கொள்ளலாம்.

கூடவே என்ன இருக்கணும்?

* லைஃப் ஜாக்கெட்டில் கட்டிய விசில். நடுங்கும்போது கத்துவதைவிட ஊதுவது சுலபம்.
* தண்ணீர் புகாத உறையில் செல்போன். அது படகில் அல்ல, உடம்பில் இருக்கணும்.
* படகில் புகுந்த நீரை வெளியேற்றும் கை பம்ப், மிதக்கும் கயிறு.
* மாற்று உடையும் ஃபிளாஸ்கில் சூடான பானமும், தண்ணீர் புகாத பையில்.

கரையிலேயே ஒத்திகை

கிளம்பும் முன் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, துணைக்கு ஒருவரை நிறுத்தி, இடுப்பளவு தண்ணீரில் மெதுவாக இறங்கிச் சில நிமிடம் நின்று பாருங்கள். எங்கே தண்ணீர் புகுகிறது, விரல் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். தாங்க முடியவில்லையா? அந்த உடையோடு ஏரி நடுவுக்குப் போகக் கூடாது.

கையில் காசு குறைவா?

படகை வாடகைக்கு எடுங்கள், லைஃப் ஜாக்கெட்டைச் சொந்தமாக வாங்குங்கள். வெட் சூட்டும் பல இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். அதுவும் முடியாது என்றால் ஜூலை, ஆகஸ்ட் வரை பொறுத்திருப்பதே நல்லது. அப்போதும் போகும் அன்று நீரின் வெப்பநிலையைப் பார்த்துவிடுங்கள். பலமான காற்று மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீரைத் தள்ளிக்கொண்டு போனால், அடியில் இருக்கும் குளிர்நீர் மேலே வந்து, கோடையிலும் ஒன்டாரியோ ஏரி சட்டென்று குளிர்ந்துவிடும்.

ஒருவேளை விழுந்துவிட்டால்? பதறி நீந்தாதீங்க. மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும் வரை பொறுங்கள். அப்புறம் கை வேலை செய்யும் அந்த 10 நிமிடத்துக்குள் படகைப் பிடித்து, முடிந்தவரை உடம்பைத் தண்ணீருக்கு மேலே ஏற்றிக்கொண்டு விசில் ஊதுங்கள். படகை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். தேடி வருபவர்கள் கண்ணில் தலையைவிடப் படகுதான் முதலில் படும்.