வீட்டைக் காணுமுன் பணம் அனுப்பலாமா?

உயர்கல்விக்காக இங்கிலாந்து செல்லும் மாணவர்களின் பெற்றோர் பலர், பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்வதில் காட்டும் கவனத்தைத் தங்குமிட விடயத்தில் காட்டுவதில்லை. நகைகளை அடகு வைத்துத் திரட்டிய பணம், கண்ணால் காணாத வீட்டுக்கு முற்பணமாகச் சென்றுவிடுகிறது. இணையத்தில் படத்தைக் காட்டிப் பணம் பறிப்போருக்கு இந்த அவசரமே வாய்ப்பாகிறது.

அந்நாட்டுச் சட்டம் வாடகைக்கு இருப்போரைக் கைவிடவில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைந்த வீட்டுக்கு 5 வார வாடகைக்கு மேல் வைப்புப் பணம் கோர முடியாது. தனியார் வீட்டு உரிமையாளர் அதனை 30 நாட்களுக்குள் அரச அங்கீகாரம் பெற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் சேர்க்கவும் வேண்டும். ஆனால் உரிமையாளராக நடிப்பவரிடம் போய்ச் சேர்ந்த பணத்தை இவ்விதிகள் மீட்டுத்தரப் போவதில்லை.

நண்பர்கள் கூட்டாக ஒரே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதிலும் நிதானம் வேண்டும். ஒருவர் செலுத்தத் தவறும் வாடகைக்கு ஏனையோரும் பொறுப்பாளிகளாவர்.

எனவே முதலாண்டில் பல்கலைக்கழக விடுதியே உசிதமானது. அங்கு இடம் கிடையாதவிடத்து, பல்கலைக்கழகத்தின் தங்குமிடப் பிரிவை நாடி, சில வாரங்கள் தற்காலிகமாகத் தங்கி, வீட்டை நேரில் பார்த்த பின்னரே பணம் செலுத்துமாறு பிள்ளைகளுக்கு அறிவுறுத்துவது பெற்றோரின் கடமை என்பதை நாம் வலியுறுத்துகிறோம்.