கருத்தடை மாத்திரையும் கிருமிக்கொல்லி மருந்தும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருத் தமிழ்ச் சகோதரியரிடம் நாம் கேட்கும் ஐயம் ஒன்று: கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் கிருமிக்கொல்லி மருந்தும் சேர்ந்தால், மாத்திரையின் வலிமை குன்றுமா? அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவற்றால் குன்றுவதில்லை; கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ நேர்ந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. அஞ்சத்தக்கது ரிபாம்பிசின். இவ்வூரார் ‘க்ஷயம்’ என்பது நமது காசநோயையே. அதன் ஆறு மாதச் சிகிச்சையில் இம்மருந்து முதன்மையானது. இது ஈரலைத் தூண்டி, மாத்திரையின் ஹார்மோன்களை விரைந்து சிதைக்கச் செய்கிறது. 1971 இல் ஜெர்மனியில் இவ்விரண்டையும் ஒருங்கே உட்கொண்ட பெண்களிடம் இது முதலில் புலப்பட்டது. மருந்தை முடித்த பின்னும் இவ்விளைவு நான்கு வாரம் நீடிக்கக்கூடும். ஆதலின், இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட எச்.எல்.எல். நிறுவனத்தின் மாலா-டி ஆயினும் சரி, பிறிதாயினும் சரி, அக்காலத்தில் மாத்திரையை மட்டும் நம்பியிராமல், காப்பர்-டி போன்ற மாற்றுமுறையை மருத்துவரிடம் கேட்டறிக. அதற்காகக் காசநோய் மருந்தை இடையில் நிறுத்தலாகாது.