கண்ணாடி வழியே – 9: நிற்கும் இடம் சொல்லும் லென்ஸ்

சென்ற வாரம் கேமரா பாடியைப் பற்றிப் பேசினோம். பாடி வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" கடைக்காரர் பதிலுக்கு பட்ஜெட்டைக் கேட்பார். யூடியூபில் பிராண்டைச் சொல்வார்கள். என் கேள்வி வேறு. எங்கே நின்று படம் எடுக்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இதை விளக்க திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன். லென்ஸுக்கு வரக்கூடிய சோதனைகள் மூன்று: உயரம், தூரம், இருட்டு. மலைக்கோட்டைக்கும் அரங்கன் கோயிலுக்கும் நடுவே மூன்றும் கிடைக்கின்றன.

உயரம்

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு 13 நிலைகள். உயரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகக் கிடந்ததை அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகிய சிங்கர் முன்னின்று கட்டி முடித்து, 1987 மார்ச்சில் சம்ப்ரோட்சணம் நடந்தது.

இந்தக் கோபுரத்தை எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் அடிவாரத்துக்கே போய் கேமராவை அண்ணாந்து பிடிப்பார்கள். கோபுரமோ மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும் கட்டடம். அண்ணாந்து பிடிக்கும்போது இன்னும் குறுகி, பின்பக்கம் சாய்ந்து, உச்சியில் இருக்கும் 13 கலசங்களும் ஒரு புள்ளியாக ஒடுங்கிவிடும். கேமராவைத் தரைக்கு மட்டமாகப் பிடித்தால் இந்தச் சாய்வு வராது. ஆனால் மட்டமாகப் பிடித்தால் அடிவானம் படத்தின் நடுவில் விழும். மேல்பாதிக்குள் மட்டும் முழுக் கோபுரமும் அடங்கியாக வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் சென்சாரின் நீளம் 36 மி.மீ. கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் பாதி 18 மி.மீ. கோபுரத்தின் உயரத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி 18ஆல் வகுத்தால், எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்று வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 200 மீட்டர். 35 என்றால் 140. 24 என்றால் 96. 16 மி.மீ. போட்டால் 64 மீட்டர் போதும். நம்மில் பலரிடம் இருக்கும் ஏ.பி.எஸ்.சி. கேமராவில் சென்சார் சிறியது. அதனால் பாடியோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனைக்கே ஏறக்குறைய 110 மீட்டர் வேண்டும்.

காகிதத்தில் எளிதாக இருக்கிறது. தெருவில் 200 மீட்டர் தள்ளி நின்றால் நமக்கும் கோபுரத்துக்கும் நடுவே பஸ், ஆட்டோ, மின்கம்பி, பேனர் எல்லாம் வரிசைகட்டி நிற்கும். அதனால்தான் இந்த ஊரில் அகலக் கோண லென்ஸ் ஆடம்பரம் ஆகாது. கட்டடத்தை எடுக்க வேண்டுமென்றால் கையில் இருக்கும் 50ஐ பையில் வைத்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு வழியும் உண்டு, ஷிஃப்ட் லென்ஸ். கேமரா மட்டமாகவே இருக்கும். லென்ஸை மட்டும் 12 மி.மீ. வரை மேலே நகர்த்தலாம். மேல்பாதி 18 மி.மீ. என்பது 30 ஆகிவிடும். 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் 96 மீட்டர் என்பது 58 மீட்டராகக் குறையும். கீழே வீணாகும் தார்ச்சாலையும் படத்தை விட்டுப் போய்விடும். கட்டடப் புகைப்படக்காரர்கள் இதற்குப் பெரும் பணம் கொடுப்பதன் காரணம் இதுதான். யோசனை புதியதில்லை. பழைய மரக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸ் பொருத்திய முன்பலகையை மேலே தூக்கும் வசதி இருந்தது. இன்று பலரும் அண்ணாந்து எடுத்துவிட்டு மென்பொருளில் நிமிர்த்துகிறார்கள். நிமிரும், ஆனால் மேல்நிலைகளை இழுத்து நீட்டித்தான் நிமிர்த்துகிறது. சுதை உருவங்களின் நுணுக்கம் அங்கேதான் கரைகிறது.

இடப் பற்றாக்குறை இன்று வந்ததும் இல்லை. 1858இல் சென்னை அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றி எடுத்த படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. ஸ்ரீரங்கத்துக்கென்றே ஒரு தனித் தொகுதி உண்டு. அவர் வந்தபோது ராஜகோபுரம் மொட்டையாக நின்றது. பெரிய கேமராவையும் நெகட்டிவுக்கான பொருள்களையும் ஊர் ஊராகத் தூக்கிச் சுமந்த காலம். கோணல் இல்லாமல் அகலமாகக் காட்டும் லென்ஸ்கள் 1860களில்தான் பரவலாயின. டிரைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரே வழி, நிற்கத் தோதான இடத்தைத் தேடுவது. 1860இல் செலவு கட்டுப்படியாகவில்லை என்று அரசு அந்தப் பணியையே முடித்துக்கொண்டது.

தூரம்

காவிரியைத் தாண்டி தென்கரைக்கு வாருங்கள். மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் சன்னிதியிலிருந்து வடக்கே பார்த்தால் ஆறு, பாலம், தென்னந்தோப்புகளுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். ராஜகோபுரம் இங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 200 மி.மீ. லென்ஸில் கோபுரம் சென்சாரின் மேல் 4 மி.மீ. சொச்சம்தான் விழும். 400 மி.மீ. போட்டால் 9 மி.மீ.க்கு நெருங்கும். அப்போதுதான் படத்தில் கோபுரம் இருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த இடத்தில் பலரும் நம்பும் ஒரு தவறைத் திருத்த வேண்டும். ராஜகோபுரமும் அதன் பின்னால் உள்ள கோபுரங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி நிற்பதுபோல் டெலி லென்ஸ் காட்டுகிறது என்பார்கள். ஒட்ட வைப்பது லென்ஸ் இல்லை, தூரம்தான். மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும்போது முன்கோபுரத்துக்கும் பின்கோபுரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு பொருட்டே ஆகாது. அதே இடத்தில் நின்று 50 மி.மீ. லென்ஸில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பாருங்கள், கோபுரங்கள் அப்படியேதான் ஒட்டி நிற்கும். தெளிவு மட்டும் இருக்காது. உருவங்களின் உறவைத் தீர்மானிப்பது கால். எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதைத்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வெயில் ஏறிய பிறகு ஆற்றுமணலிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் எழும் அனல், காற்றை நெளிய வைக்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, சாதாரண 70–300 கொடுக்கும் படம் மதிய வெயிலில் கிடைக்கவே கிடைக்காது. அதே 70–300 பறவைக்காரர்களுக்கும் உதவும். 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி திருச்சிக்காரர்களுக்கு எட்டும் தூரம்தான். ஏ.பி.எஸ்.சி. பாடியில் 300 மி.மீ. என்பது 450 போல வேலை செய்யும். சிறிய சென்சார் லாபமாகும் இடம் இது.

இருட்டு

மூன்றாவது சோதனை கோயில் பிராகாரத்திலும் கல்யாண மண்டபத்திலும் வருகிறது. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறப்பது விடியலுக்கு முன். கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் துளை எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஜூம் இல்லாத எஃப் 1.8 ப்ரைம் லென்ஸ் அதைப்போல ஒன்பது மடங்குக்கும் அதிகமாக ஒளியை உள்ளே விடும். ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு ஷட்டர் தேவைப்பட்ட இடத்தில் அறுபதில் ஒரு பங்கு கிட்டத்தட்டப் போதும். அசையும் மனிதர் அசைவில்லாமல் விழ இந்த வித்தியாசம் வேண்டும். லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு நம் கைநடுக்கத்தைத்தான் தாங்கும், எதிரே நடப்பவரின் கால்களை நிறுத்தாது.

கோயிலுக்குள் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைபேசிக்கே தடை விதிக்க உத்தரவிட்டது. வாங்கிய லென்ஸுக்கு வேலை இல்லாமல் போகக் கூடாது.

சந்தை

இனி விலைக்கு வருவோம். உலகக் கேமரா நிறுவனங்கள் 2010இல் அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023இல் அது ஒரு கோடிக்கும் கீழே போய்விட்டது. பாக்கெட் கேமராவை செல்போன் விழுங்கிவிட்டது. மிச்சமிருப்பவர்களிடம் நிறுவனங்கள் விலை அதிகமான பொருளை விற்கின்றன. 2020இல் மிரர்லெஸ் கேமராக்கள் எண்ணிக்கையில் டி.எஸ்.எல்.ஆரை முந்தின.

இதனால் லென்ஸ்காரர்களுக்கு என்ன? லென்ஸைப் பாடியில் பொருத்தும் இடமான மவுண்ட் மாறியது. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது, கேனானின் இ.எஃப். 1987இல். 2018இல் இரண்டு நிறுவனங்களும் புதிய மவுண்டுக்குப் போயின. டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடி மடங்கி எழ இடம் வேண்டும். அதனால் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., இ.எஃப். மவுண்டில் 44 மி.மீ. இடைவெளி. மிரர்லெஸில் கண்ணாடியே கிடையாது. நிக்கான் இசட்டுக்கு 16, கேனான் ஆர்.எஃப்.க்கு 20, சோனிக்கு 18 போதும். மிச்சமான இடைவெளியை ஓர் அடாப்டரால் நிரப்பினால் பழைய லென்ஸ் புதிய பாடியில் உட்கார்ந்துகொள்ளும். புதிய லென்ஸ் பழைய பாடிக்கு வராது. வழி ஒருபக்கம் மட்டுமே திறந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டவருக்கு இன்றைய சந்தை சாதகமானது. கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் பலர் மிரர்லெஸுக்கு மாறும்போது டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களை விற்கிறார்கள். ஒருகாலத்தில் வாடகைக்கு மட்டுமே கைக்கு எட்டிய 70–200 எஃப் 2.8, 24–70 எல்லாம் இன்று செகண்ட் ஹேண்டில் மலிந்து கிடைக்கின்றன. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் உறவினரிடம் ஒரு கேமராவுக்குச் சொல்லிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த திருச்சிக் குடும்பங்களுக்கு இது நம்ப முடியாத காலம்.

விவரம் தெரியாமல் வாங்கினால் சிக்கல்தான். கேனான் இ.எஃப். லென்ஸ் அதன் அடாப்டர் வழியாக ஆர்.எஃப். பாடியில் முழுமையாக வேலை செய்யும். நிக்கானில் அப்படியில்லை. ஏ.எஃப்–டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. பாடியிலுள்ள மோட்டார்தான் திருகும். நிக்கானின் எஃப்.டி.இசட். அடாப்டரில் மோட்டார் இல்லை. ஆகவே இசட் பாடியில் அவை கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்கள். ஏ.எஃப்–பி லென்ஸோ டி90 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே செய்யாது. விலையைக் கேட்குமுன் இந்த எழுத்துகளைப் படியுங்கள்.

புதிதாக வாங்குவோர் கவனிக்க வேண்டியது, மவுண்டின் கதவு யாருக்குத் திறந்திருக்கிறது என்பது. சோனி தன் மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இலேயே பிற லென்ஸ் நிறுவனங்களுக்குக் கட்டணமின்றிக் கொடுத்தது. இன்று அந்த மவுண்டுக்கு லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. கேனான் ஆர்.எஃப். மவுண்டைப் பூட்டி வைத்திருந்து, 2024இல்தான் ஏ.பி.எஸ்.சி. ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு சிக்மா, டாம்ரானை அனுமதித்தது. பாடி வாங்குவது ஒரு லென்ஸ் சந்தைக்குள் குடி போவது மாதிரி. வீட்டை மட்டும் பார்த்தால் போதாது, தெருவில் என்ன கிடைக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பழையதைப் பார்த்து வாங்குவது

செகண்ட் ஹேண்ட் லென்ஸைக் கையில் வாங்கியதும் பின்மூடியைக் கழற்றி, ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாக, சிலந்திவலை போலத் தெரிந்தால் ஃபங்கஸ். இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் போன்ற ஊரில் இது அரிதில்லை. முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் தெரியும். துளைத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருந்தால் விட்டுவிடுங்கள். சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, துளையை முழுக்கத் திறந்து, நேராக நின்று எடுங்கள். நான்கு மூலை எழுத்துகளும் ஒரே அளவு தெளிவாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கோ விழுந்து எழுந்திருக்கிறது. பில்லையும் சீரியல் எண்ணையும் ஒத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு தோல் உறைக்குள் பூட்டி வைக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

பழைய கருவி வாங்குவதைத் தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு ஒரு திருச்சிக் கதை. தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1905இல் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்த டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரருக்கு உடல்நலம் கெட்டது. ஊருக்குத் திரும்ப நினைத்தார். அவரிடமிருந்து புரொஜெக்டரையும் படச் சுருள்களையும் வின்சென்ட் வாங்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில். அந்தக் காலத்தில் ஒரு ரயில்வே ஊழியருக்கு அது மலைக்க வைக்கும் தொகை. அந்தச் செகண்ட் ஹேண்ட் கருவியோடு ஊர் ஊராகப் போய் இயேசுவின் வாழ்க்கைப் படத்தைக் காட்டினார். பிறகு கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தமிழகத்தின் சினிமாத் தொழில் முளைத்ததில் அந்தப் பழைய புரொஜெக்டருக்கும் பங்கு உண்டு. ஒருவர் விலகும்போது இன்னொருவர் நுழைகிறார். டி.எஸ்.எல்.ஆர். சந்தையில் இப்போது நடப்பதும் அதுதான்.

முடிவாக என் சிபாரிசு. கிட் லென்ஸோடு ஒரு மாதம் சுற்றுங்கள். எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, எந்த மி.மீ.யில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். படத்தோடு அந்த விவரமும் பதிவாகியிருக்கும். பெரும்பாலான படங்கள் 18இல் முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்குத் தேவை அகலக் கோணம். 55இல் முட்டினால் டெலி. நடுவிலேயே சுற்றிக்கொண்டு, ஆனால் படங்கள் அசைந்து போயிருந்தால் 35 அல்லது 50 எஃப் 1.8. மூன்றில் ஒன்றை மட்டும் முதலில் வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் சரி. கல்யாண வேலை வந்தால் 70–200ஐ அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். அந்த வாடகையை வருஷம் முழுக்கக் கட்ட நேர்ந்தால் அப்போது சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்த வாரம்: மண்டபத்து எல்.இ.டி. விளக்கும், மணமக்கள் முகத்தில் விழும் கோடுகளும்.

(தொடரும்)